வைக்கோல் யாருக்கு?

(சம்பா அறுவடை தொடங்கும் வேளையில், டெல்டாக் கிராமம் ஒன்றில் விவசாயத் தொழிலாளர்களும் அரிசி ஆலைத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியது)



நெல் விலையைப் பேசாத கூட்டம் நம்முடைய தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை ஜில்லாக்களில் கிடையாது. கொள்முதல் நிலையம் திறக்கவில்லை, சாக்கு வரவில்லை, ஈரம் என்று தள்ளி வைக்கிறார்கள் என்றெல்லாம் பேசியிருக்கிறோம், இனியும் பேசுவோம். இன்று அதற்காக வரவில்லை. நெல் மூட்டையாகிப் போன பிறகு வயலில் கிடக்கிறதே, அந்த வைக்கோலைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

"நெல்லுக்கே வழியைக் காணோம், வைக்கோலுக்கு ஒரு கூட்டமா?" என்று சிலர் கேட்கலாம். அப்படிக் கேட்பவர் வீட்டில் மாடு இல்லை என்று பொருள். இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். நிலம் ஒரு குழி கிடையாது, குடியிருப்பது புறம்போக்கு, ஆனால் கொல்லையில் ஒரு கறவை மாடு நிற்கிறது. நடவும் இல்லை, அறுப்பும் இல்லை என்கிற மாதங்களில் அந்த மாட்டின் மடிதான் குடும்பத்தின் கைச்செலவு. பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவும், கிழவியின் மருந்தும், கடைக்காரன் பாக்கியும் அதிலிருந்துதான். அந்த மாட்டின் வாய்க்குப் போவது வைக்கோல். ஆகவே வைக்கோல் விலை என்பது கூலியைப் போல, அரிசி விலையைப் போல, நம்முடைய சோற்றுப் பானையைத் தொடுகிற பிரச்னை.

விஷயம் இதுதான். தை, மாசியில் "யாராவது இதை வாரிக்கொண்டு போனால் போதும்" என்று வயல்காரர் சொல்கிறார். ஆனி, ஆடியில் அதே ஊரில், அதே வைக்கோலுக்குக் கையில் காசை வைத்துக்கொண்டு தொழிலாளி அலைகிறார். வயலில் மலிவு, தொழுவத்தில் கிராக்கி. இந்த இரண்டு விலைக்கும் நடுவே இருப்பதைத் தின்பது யார்? மாடு தின்னவில்லை, அது நிச்சயம்.

ஒரு ஏக்கரும் ஒரு மாடும்

முதலில் ஒரு மனக்கணக்குப் போடுவோம். பச்சைப் புல்லும் தவிடும் கொஞ்சம் பிண்ணாக்கும் கிடைக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், கறவை மாட்டுக்கு நாள் ஒன்றுக்கு ஐந்து கிலோ வைக்கோலாவது வேண்டும். வருஷத்துக்கு 1,825 கிலோ ஆகிறது. ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையில் 30 மூட்டை கண்டால் நெல் 1,800 கிலோ. நெல் எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவு எடைக்கு வைக்கோலும் உண்டு. ரகத்தைப் பொறுத்து அதற்கு மேலும் வரும். ஆக, ஒரு ஏக்கர் வைக்கோல் ஒரு மாட்டுக்கு ஒரு வருஷம். இந்தக் கணக்கை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

2019-ல் எடுத்த கால்நடைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் மாடுகள் ஏறத்தாழ 95 லட்சம், எருமைகள் ஏறத்தாழ 5 லட்சம். இவற்றுக்குத் தீவனமாகிற நெல் வைக்கோலில் நல்ல பங்கு நம்முடைய காவிரிப் பாசன வயல்களிலிருந்து போகிறது.

எல்லா வைக்கோலும் வைக்கோல் ஆகிவிடாது என்பதும் உங்களுக்குத் தெரியும். குறுவை அறுப்பு புரட்டாசியில், ஐப்பசியில் வருகிறது. பின்னாலேயே வடகிழக்கு மழை வந்து நிற்கிறது. நனைந்த வைக்கோல் பூசணம் பிடித்துக் கறுத்துப் போகிறது. மாடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. வருஷம் முழுவதும் காப்பாற்றுவது தையிலும் மாசியிலும் காய்ந்து கிடைக்கிற சம்பா, தாளடி வைக்கோல்தான். அதற்கும் ஆபத்து வராமல் இல்லை. 2021 ஜனவரியிலும், 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் பருவம் தவறிய மழை பெய்து, அறுப்புக்கு நின்ற பயிர் தண்ணீரில் படுத்தது. நெல் நஷ்டத்துக்குக் கணக்கெடுத்தார்கள். பட்டா உள்ளவர்களுக்கு ஏதோ நிவாரணம் என்றார்கள். அழுகிப்போன வைக்கோலுக்கு யார் கணக்கெடுத்தது? அந்த வருஷம் மாட்டை விற்றுத் தீர்த்த கூலிக்காரரின் பெயர் எந்தப் பதிவேட்டில் ஏறியது? 2024-ல் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-க்குத் திறக்காமல் ஜூலை 28-ல்தான் திறந்தது. ஆற்றுத் தண்ணீரை நம்பியிருந்த குறுவை வயல்கள் தரிசாகக் கிடந்தன. நெல் குறைந்ததைப் பத்திரிகைகள் எழுதின. நெல் குறைந்தால் வைக்கோலும் குறையும் என்பதை எழுதுவதற்கு ஆள் இல்லை.

களத்துமேட்டில் அன்று

முன்பு அறுப்பு எப்படி நடந்தது? அரிவாளால் அடியோடு ஒட்ட அறுத்து, அரி போட்டு, காய்ந்ததும் கட்டாகக் கட்டி, தலைச்சுமையாகக் களத்துக்குக் கொண்டு வந்து, கட்டடித்து, அடித்த தாளை மறுபடியும் மாட்டை விட்டுப் போரடித்து, கடைசி மணி வரைக்கும் உதிர்த்த பிறகுதான் வைக்கோல் போர் எழும்பும். ஒவ்வொரு தாளும் மனிதக் கையில் நாலு முறை ஏறி இறங்கிய காலம் அது. மாலையில் களத்தை விட்டு இறங்கும்போது கூலி நெல் மடியில் இருக்கும். பல ஊர்களில் தலையில் ஒரு கட்டு வைக்கோலும் இருக்கும். அதைக் கேட்டு வாங்குவதில்லை. அறுத்தவரின் பாத்தியம் என்று எடுத்து வருவது.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை, தோழர்களே. சவுக்கடியும் சாணிப்பாலும் இருந்த மண் இது. மரக்காலில் மோசடி செய்த கைகளைப் பார்த்த மண். பண்ணையாளை நினைத்தபடி விரட்டக் கூடாது, இன்ன கூலி தர வேண்டும் என்று 1952-ல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததே, அது யாருடைய கருணையாலும் வரவில்லை. ஆனால் நாம் நெல்லின் அளவுக்காகப் போராடினோம். கூலியாளின் தலைச்சுமை வைக்கோல் பெரும்பாலும் ஊர் வழக்கமாகவே நின்றது. வழக்கத்துக்குக் காகிதம் இல்லை. களம் போனபோது வழக்கமும் சத்தமில்லாமல் போய்விட்டது.

ரகம் மாறியதும் ஒரு காரணம். 1966-ல் ஐ.ஆர்.8 வந்ததிலிருந்து குட்டை ரகங்கள் பரவின. நெல் கூடியது, தாள் குட்டையானது. மாப்பிள்ளைச் சம்பா வயலில் ஆள் மறைகிற உயரத்துக்குத் தாள் நின்றதைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள்.

இயந்திரமும் அவசரமும்

இன்று வயலில் இறங்குவது பெல்ட் மிஷின். அது கதிரை மேலாகப் பிடித்து அறுக்கிறது. அடித்தாள் ஒரு முழத்துக்கு வயலிலேயே நிற்கிறது. உள்ளே போன தாள் உதறுண்டு, நைந்து, மிஷினுக்குப் பின்னால் வரிசையாக விழுகிறது. இரண்டு மூன்று நாள் வெயிலில் காய்ந்ததும் டிராக்டரில் மாட்டிய பேலர் வருகிறது. வாரிச் சுருட்டி, கயிறு சுற்றி, உருளையாக உருட்டிவிட்டுப் போகிறது. இந்த வேலையில் ஊர் ஆள் ஒருவரும் இல்லை. மிஷின் வெளி ஜில்லாவிலிருந்து வருகிறது; பேலரும் பெரும்பாலும் அப்படியே; லாரி எங்கிருந்தோ வருகிறது.

இதில் சிறு விவசாயி ஏன் மலிவாக விடுகிறார் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். அவரைக் கொள்ளைக்காரர் என்று எண்ணிவிடக் கூடாது. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாளுக்கு முன்பே, வயல் மெழுகு பதத்தில் இருக்கும்போது, நெல்லுக்குள்ளேயே உளுந்தும் பச்சைப்பயறும் தெளிப்பது இந்தப் பக்கத்து வழக்கம். கையால் அறுத்த காலத்தில் தாளின் நடுவே அது தலை தூக்கி வந்துவிடும். இன்று பெல்ட் முளையை மிதிக்கிறது. மேலே விழுந்த வைக்கோல் வரிசை மூச்சை அடைக்கிறது. நாலு நாள் அப்படியே கிடந்தால் அடியில் இருக்கிற பயறு வெளுத்துச் சாகும். ஆகவே அவருக்கு வைக்கோலை வயலை விட்டு அப்புறப்படுத்தியாக வேண்டும், அதுவும் உடனே. போர் போட இடம் இல்லை. போட ஆள் கூலி கொடுக்கக் கையில் பணம் இல்லை. நெல் போட்ட பணம் இன்னும் வந்து சேரவில்லை. அந்த நேரத்தில் பேலர்காரன் வந்து நிற்கிறான். ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒரே பேச்சு. சில இடத்தில் "சுத்தம் செய்து தருகிறோமே, அது போதாதா" என்று அந்தப் பேச்சும் இல்லை. அவசரத்தில் இருப்பவனிடம் அவசரம் இல்லாதவன் வாங்கும்போது விலையை யார் வைப்பார் என்று சொல்லவும் வேண்டுமா?

வைக்கோலை வாரப் போகும் டிராக்டர் மிச்சப் பயறையும் மிதித்துவிட்டுப் போவது வேறு விஷயம். அதில் உளுந்து பறிக்கிற கூலியும் போகிறது. அது முழுக்கப் பெண்களுடைய கூலி.

மிஷினை உடைக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. குனிந்து அறுத்தே இடுப்பு ஒடிந்த பெண்களிடம் போய் அரிவாளைத் திருப்பிக் கொடு என்று சொல்லும் தைரியம் எங்களுக்கு இல்லை, தேவையும் இல்லை. பேலர் நல்ல சாதனம். பரந்து கிடப்பதை உருட்டிக் கட்டி, தூக்கவும் அடுக்கவும் லேசாக்குகிறது. கேள்வி, அது யார் கையில் இருக்கிறது என்பதுதான்.

லாரியில் ஏறும் விலை

வைக்கோல் வியாபாரத்தின் சூட்சுமம் அதன் எடையில் இல்லை, அது அடைக்கிற இடத்தில் இருக்கிறது. நெல் மூட்டை ஏற்றினால் லாரி எடையால் நிறையும். வைக்கோல் ஏற்றினால் எடை ஏறுவதற்குள் இடம் நிறைந்துவிடும். வாடகையோ, டீசலோ, டிரைவர் படியோ குறைவதில்லை. ஆகவே தூரம் போகப் போக வைக்கோல் விலையில் வைக்கோலின் பங்கு சிறுத்து, சாலையின் பங்கு பெருக்கிறது. பசு வளர்ப்பு மிகுந்த ஈரோடு, நாமக்கல் பக்கமும், தீவனப் பற்றாக்குறை உள்ள கேரளத்துக்கும் நம் வைக்கோல் போகிறது. காளான் வளர்ப்பவர்களும், பழமும் கண்ணாடியும் பொதிகிறவர்களும் வாங்குகிறார்கள். கேரளத்துத் தொழிலாளி அங்கே கட்டு ஒன்றுக்கு நல்ல விலை கொடுக்கிறார். அது நம் வயல்காரரின் மடிக்கு வந்து சேருகிறதா? இல்லை. வழியிலேயே கிடங்கு வைத்திருப்பவர் அடுக்கி வைத்து, சித்திரை தாண்டட்டும் என்று காத்திருக்கிறார். காத்திருக்கிற சக்திதான் இங்கே லாபம். நமக்கு அந்தச் சக்தி இல்லை. மாடு நாளைக்குத் தின்றாக வேண்டும்.

இந்த லாரிகளில் பாரம் ஏற்றுகிற தோழர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. உயரமாக அடுக்கிய வைக்கோல் தாழ்வான மின்கம்பியில் உரசித் தீப்பிடித்தது என்ற செய்தி ஒவ்வொரு அறுவடையிலும் வருகிறது. மேலே நின்று அடுக்குகிற ஆள் யார்? லோடுக்கு இவ்வளவு என்று பேசி அழைத்து வந்த நம் பையன்தான். உடலுழைப்புத் தொழிலாளர்களுக்காக 1982-ல் தமிழ்நாட்டில் தனிச்சட்டம் ஏற்பட்டது. அதன் கீழ் நலவாரியம் இருக்கிறது. பதிவு செய்துகொள்ளாதவர்கள் கூட்டம் முடிந்ததும் சங்கத் தோழர்களிடம் பெயர் கொடுங்கள்.

இளைக்கிற கட்டு

இன்னொரு மோசடி உண்டு. அது கண்ணுக்குத் தெரிவதில்லை. வைக்கோலைக் கட்டுக்கு இவ்வளவு என்று விற்கிறார்கள், கிலோவுக்கு இவ்வளவு என்று விற்பதில்லை. ஒரு கட்டு இருபது கிலோவும் இருக்கும், பதினைந்தும் இருக்கும். தளர்வாகச் சுற்றினால் பார்வைக்கு அதே உருளை.

கணக்குக்காகக் கட்டு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இருபது கிலோ இருந்தால் கிலோ 5 ரூபாய். பதினைந்து கிலோ இருந்தால் கிலோ 6 ரூபாய் 67 காசு. நாளைக்கு ஐந்து கிலோ போடுகிற வீட்டில் 25 ரூபாய்ச் செலவு 33 ரூபாய்க்கு மேல் ஏறிவிட்டது. விலை ஏறவே இல்லை என்று வியாபாரி சத்தியம் செய்யலாம். இதைப் பால் கணக்கோடு வைத்துப் பாருங்கள். ஆவின் பசும்பாலுக்குக் கொடுத்த விலை 2022 நவம்பரில் லிட்டருக்கு 35 ரூபாய் ஆயிற்று. 2023 டிசம்பரில் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. பால்காரர்கள் கேட்டுப் போராடி வாங்கியது அது. சொசைட்டிக்கு நாள் மூன்று லிட்டர் ஊற்றுகிற தாய்க்கு அந்த ஊக்கத்தொகை 9 ரூபாய். கட்டு ஐந்து கிலோ இளைத்ததில் போனது 8 ரூபாய்க்கு மேல். சர்க்கார் ஒரு கையால் கொடுத்ததைக் கட்டின் தளர்ச்சி மறு கையால் வாங்கிக்கொண்டது. ஒரு தராசு இருந்தால் இது நடக்குமா?

ஆலைத் தோழர்களுக்குத் தெரிந்த ரகசியம்

அரிசி ஆலைத் தோழர்களே, உங்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. சர்க்கார் நெல்லை அரவைக்கு எடுக்கிற ஆலை, 100 கிலோ நெல்லுக்குப் புழுங்கலானால் 68 கிலோ, பச்சையானால் 67 கிலோ அரிசி திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அரவைக் கூலி சொற்பம் என்று முதலாளி உங்களிடம் மூக்கால் அழுவார். ஆனால் தவிடு எங்கே போகிறது? எண்ணெய் ஆலைக்கு. உமி எங்கே போகிறது? கொதிகலனுக்கும், செங்கல் சூளைக்கும். ஆலை பிழைப்பது பக்கப் பொருளில். முதல் பொருளை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கப் பொருளைப் பையில் போடுவது அவர்கள் பழக்கம். ஆலையில் தவிடு எதுவோ வயலில் வைக்கோல் அது. உங்கள் போனஸ் பேச்சில் தவிட்டுக் கணக்கைக் கேட்கிறீர்களே, அதே கேள்வியைத்தான் இங்கே நாங்கள் வைக்கோலில் கேட்கிறோம்.

டில்லியில் உட்கார்ந்து கணக்குப் போடுபவர்களுக்கு வைக்கோலின் மதிப்பு நன்றாகவே தெரியும். 2025-26 பருவத்துக்குச் சாதாரண ரக நெல்லின் உற்பத்திச் செலவு குவிண்டாலுக்கு 1,579 ரூபாய் என்று கணக்கிட்டு, அதன் ஒன்றரை மடங்காக 2,369 ரூபாய் ஆதார விலை அறிவித்தார்கள். அந்தச் செலவில் நிலத்தின் வாடகையும் சொந்த முதலுக்கு வட்டியும் சேரவில்லை என்பது பழைய சண்டை. இன்னொன்று பலருக்குத் தெரியாது. வயலுக்கு ஆன செலவு முழுவதையும் நெல்லின் தலையில் அவர்கள் வைப்பதில்லை. நெல்லின் மதிப்பு எவ்வளவு, வைக்கோலின் மதிப்பு எவ்வளவு என்று பார்த்து, அந்த விகிதத்தில் செலவைப் பிரித்து, வைக்கோலின் பங்கைக் கழித்த பிறகுதான் நெல்லுக்கு இவ்வளவு என்கிறார்கள். அதாவது வைக்கோலில் உனக்கு வரவு உண்டு என்று காகிதத்தில் எழுதி நெல்லின் செலவைக் குறைக்கிறார்கள். நல்லது, வரவு உண்டென்றால் அதை வாங்கிக் கொடுப்பது யார்? நெல்லுக்கு ஆதார விலை இருக்கிறது, கொள்முதல் நிலையம் இருக்கிறது. வைக்கோலுக்கு விலையும் இல்லை, நிலையமும் இல்லை, தராசும் இல்லை. சிறு விவசாயி இரண்டு பக்கமும் இழக்கிறார். அவருக்கும் கூலிக்காரருக்கும் இந்த விஷயத்தில் பகை இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

மண்ணும் இழக்கிறது. ஒரு டன் வைக்கோலில் 15 முதல் 20 கிலோ வரை சாம்பல் சத்து இருக்கிறது. ஊர் மாடு தின்றால் அது சாணமாகி, எருக்குழி வழியாக அதே வயலுக்குத் திரும்பும். லாரி ஏறினால் திரும்பாது. பிறகு கடையில் பொட்டாஷ் மூட்டை வாங்குகிறோம். அந்தப் பொட்டாஷை இந்தியா வெளிநாட்டிலிருந்து கப்பலில் இறக்குமதி செய்கிறது.

வடக்கே நடந்தது

பஞ்சாபில் நெல் வைக்கோலைக் கொளுத்துகிறார்கள், டில்லி புகையில் திணறுகிறது என்று வருஷா வருஷம் கேள்விப்படுகிறோம். அங்கே நெல் அறுத்து இரண்டு மூன்று வாரத்துக்குள் கோதுமை விதைத்தாக வேண்டும்; பெரும்பாலான நெல் வைக்கோலை அங்கே மாட்டுக்குப் போடுவதும் இல்லை. அவர்களுக்குத் தீவனம் கோதுமை வைக்கோல். அதே கோதுமை வைக்கோல் 2022-ல் தட்டுப்பாடாகி விலை ஏறியது. கடுகு விலை நன்றாக இருந்ததால் பலர் கடுகுக்கு மாறியிருந்தார்கள். மார்ச் மாத வெப்ப அலை கோதுமையைச் சுருட்டியது. ஹரியானாவில் சில ஜில்லா அதிகாரிகள் வெளி ராஜ்யத்துக்கு வைக்கோல் போகக் கூடாது என்று தடை போட்டார்கள்.

இங்கேயும் லாரியை மறிக்க வேண்டும் என்று சில தோழர்கள் உணர்ச்சியோடு சொல்கிறார்கள். நாங்கள் அதற்கு உடன்படவில்லை. லாரியை மறித்தால் வயலில் விலை இன்னும் விழும். அடிபடுவது இரண்டு ஏக்கர் குத்தகைக்காரர். கிடங்கில் ஏற்கெனவே அடுக்கி வைத்திருப்பவருக்கோ அதனால் லாபம்தான். அந்தப் பக்கம் கறவை வைத்திருப்பவரும் நம்மைப் போன்ற ஏழைதானே!

என்ன கேட்பது?

கேட்பதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாக்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டபோது, உலர்தீவனக் கிடங்குகள் திறந்து, கிலோ 2 ரூபாய் மானிய விலையில் சர்க்கார் வைக்கோல் கொடுத்தது. மாடு செத்து விழும் நிலை வந்தால் சர்க்காரால் வைக்கோல் வாங்க முடிகிறது, எடை போட முடிகிறது, அட்டை பார்த்துக் கொடுக்க முடிகிறது. அப்படியானால் ஒவ்வொரு கோடையிலும் ஏன் முடியாது? வறட்சி என்று அறிவிக்கிறவரை மாடு பட்டினி கிடக்க வேண்டுமா?

நாம் கேட்பது ஊருக்கு ஒரு வைக்கோல் கிடங்கு. பால் கூட்டுறவுச் சங்கமோ, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கமோ தை, மாசியில் வயல் விலைக்கு மேல் ஒரு நியாயமான விலை கொடுத்து எடை போட்டு வாங்கட்டும். நிலமில்லாத மாட்டுக்காரருக்கு ஆனி, ஆடியில் வாங்கிய விலையோடு செலவை மட்டும் சேர்த்து, எடை போட்டுக் கொடுக்கட்டும். தவணையாகப் பால் பணத்தில் பிடித்துக்கொள்ளட்டும். மேடான இடம், மேலே ஒரு கூரை, பக்கத்தில் தீயணைக்கத் தண்ணீர். இதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம்.

இரண்டாவது, பேலர். வேளாண்மைப் பொறியியல் துறை இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. 2014-15 முதல் இயந்திரமயத் திட்டம் என்று மானியமும் உண்டு. ஆனால் சிட்டா கொண்டு வா, அடங்கல் கொண்டு வா என்றால் கூலிக்காரர் எங்கே போவார்? தொழிலாளர் குழுவின் பெயரிலும், கூட்டுறவுச் சங்கத்தின் பெயரிலும் பேலர் தரச் சொல்லுகிறோம். ஓட்டுவதற்கு நம் பையன்களுக்குத் தெரியும். அடுத்தவன் வண்டியை ஓட்டிக்கொண்டுதானே இருக்கிறார்கள்! ஊர்ப் பேலர் ஊரில் இருந்தால் பயறு முளைக்கிற வயலுக்கு முதலில் போகலாம். கட்டையும் இறுக்கிக் கட்டலாம்.

இவை வருகிறவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. இந்தத் தையிலேயே, வெளி லாரி ஏற்றுகிற அதே விலைக்கு, ஊர் மாட்டுக்காரர்களுக்கு முதல் உரிமை கொடுங்கள் என்று வயல்காரர்களோடு உட்கார்ந்து பேச முடியும். பத்து வீடு சேர்ந்து பத்து ஏக்கர் வைக்கோலை ஒரே பேச்சாகப் பேசினால், தனியாகப் போகிறவருக்குக் கிடைக்காத விலை கிடைக்கும். பொதுக் களத்துமேட்டில் சேர்த்துப் போர் போடலாம். போர் போடத் தெரிந்த பெரியவர்கள் ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் முகடு கட்டுகிற வித்தை அவர்களோடு போய்விடுவதற்குள் பையன்கள் கற்றுக்கொள்ளட்டும்.

ஜனவரி 26 கிராம சபை, சரியாக அறுப்புக் காலத்தில் வருகிறது. வைக்கோல் கிடங்குக்கு இடம், எடை போட்டு விற்பனை, கூட்டுறவுக்குப் பேலர் என்று தீர்மானத்தை முன்கூட்டியே எழுதிக்கொண்டு போங்கள். படித்துக் காட்டி, பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள். வெறும் தீர்மானத்தோடு போனால் "பார்க்கலாம்" என்பார்கள். மாட்டுக் கணக்கோடு போக வேண்டும். முன்பே சொன்னோமே, ஒரு மாட்டுக்கு ஒரு ஏக்கர் என்று. நம் தெருக்களில் நிலமில்லாத வீடுகளில் எத்தனை மாடு, அவற்றில் கறவை எத்தனை, எத்தனை டன் வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த வேலையைப் பெண்கள் எடுத்துக்கொள்ளட்டும். எந்த வீட்டு மாடு எப்போது கன்று போட்டது, எந்த வீட்டில் தீவனம் தீர்ந்து மாட்டை விற்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பொங்கல் கழிந்த நாலாம் நாள் நோட்டை வாங்கிக்கொள்ள நாங்கள் மறுபடியும் வருகிறோம்.